மணல் இளகாத உலை: ஜேம்ஸ்டவுன் கண்ணாடிக்கூடம், 1621–1624

1623 மார்ச் மாதக் கடைசியில், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த வர்ஜீனியாக் குடியேற்றத்தின் பொருளாளர் ஜார்ஜ் சாண்டிஸ் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜேம்ஸ்டவுன் கோட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி, ஆற்றோரக் காட்டில் கண்ணாடி ஊதுவதற்காகக் கட்டிய விறகு உலையைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். ஆறு வாரமாக உலையில் நெருப்பு எரிகிறது, ஒன்றும் தேறவில்லை. மணல் இளகி ஓட மறுக்கிறது என்று இத்தாலியத் தொழிலாளிகள் சொல்கிறார்கள். வேலையைக் கெடுத்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிப் போவதற்காகவே இப்படிச் செய்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. சாரம் இதுதான். இவர்களைவிடக் கொடிய கூட்டத்தை நரகம் கக்கியதே இல்லை என்றும் அதே கடிதத்தில் ஒரு வரி வருகிறது.

அந்த வரி பிரபலமாகிவிட்டது. ஜேம்ஸ்டவுன் கண்ணாடி ஏன் தோற்றது என்று பேச வந்தால் பலரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்: முரட்டுத் தொழிலாளிகள், குடும்பச் சண்டை, நாசவேலை. எனக்கு அது ஒப்பவில்லை. இதே கடிதத்தை உலையைத் தெரிந்தவர் படித்தால் வேறு கதை தெரியும். உலை வெடித்த விதம், மணல் தேடிய விதம், நெருப்பு எரிந்த நாட்கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. தொழிலாளிகள் சொன்னது பொய் என்று காட்டும் தடயம் ஒன்றுகூட அதில் இல்லை.

விறகைத் தேடிப் போன தொழில்

இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய் எதற்காக ஓர் உலை? விறகுக்காகத்தான். 16-ஆம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்தின் சசெக்ஸ், சர்ரே காடுகளில் கண்ணாடி உலைகள் எரிந்துகொண்டிருந்தன. இரும்பு உருக்குபவர்களும் கப்பல் கட்டுபவர்களும் அதே மரங்களுக்காக முட்டிமோதினார்கள். கடைசியில் 1615 மே மாதம் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தார்: இனிக் கண்ணாடி உலையில் விறகு எரிக்கக் கூடாது, நிலக்கரிதான். நிலக்கரிக் கண்ணாடித் தொழிலின் தனியுரிமை சர் ராபர்ட் மான்சல் கைக்குப் போனது.

கரிக்கு மாறுவது அடுப்பில் எரிபொருளை மாற்றுவது போன்ற சின்ன வேலை அல்ல. உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் வாயுவாகப் பிரிந்து எரியும். அதனால் விறகின் சுவாலை நீளமானது. குழியில் எரியும் தீ எழுந்து, மேல் வளைவில் மோதி மடங்கி, இருபுறமும் இருக்கும் மூசைகளை, அதாவது கண்ணாடி உருக்கும் மண்பானைகளை, தழுவிக்கொண்டு வெளியே போகும். விறகு உலையின் வடிவமே இந்தச் சுவாலைக்காக அமைந்தது. கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும், இரும்புச் சல்லடை வேண்டும், புகை கண்ணாடியில் படாமல் இருக்க மூடிய மூசை வேண்டும். தலைமுறை தலைமுறையாக விறகுச் சுவாலையைப் பார்த்துப் பழகிய கண் அங்கே உதவாது.

வர்ஜீனியாவிலோ கோட்டை வாசலிலிருந்தே காடு. 1608-இலேயே முதல் முயற்சி நடந்துவிட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கேப்டன் நியூபோர்ட் கொண்டுவந்த எட்டு 'டச்சுக்காரர்களும் போலந்துக்காரர்களும்' காட்டில் ஒரு கண்ணாடிக்கூடத்தை எழுப்பினார்கள். கீல், தார் ஆகியவற்றோடு கண்ணாடி மாதிரியும் அதே கப்பலில் இங்கிலாந்துக்குப் போனது. மறுகுளிர்காலம், 1609–10, ஜேம்ஸ்டவுன் பட்டினியில் செத்தது. கண்ணாடிப் பேச்சு அத்தோடு நின்றது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இரண்டாவது முயற்சி. 1621-இல் கேப்டன் வில்லியம் நார்ட்டன், குடியேற்றத்தை நடத்திய லண்டன் வர்ஜீனியா கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, இத்தாலியக் கண்ணாடித் தொழிலாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் அழைத்துவந்தார். குடிக்கும் பாத்திரங்கள் செய்ய வேண்டும், பழங்குடிகளோடு பண்டமாற்று செய்ய மணிகள் செய்ய வேண்டும். மணிதான் அங்கே காசு மாதிரி.

இப்படிப்பட்ட உலையை எப்படிக் கட்டுவார்கள்

இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். கட்டும் முறை தெரிந்தால்தான் எங்கே உடைந்தது என்பது புரியும்.

தரையில் நீளவாக்கில் ஒரு தீக்குழி. அதன் இருபக்கமும் திண்ணை போல இரண்டு மேடைகள். மேடைமேல் மூசைகள் உட்காரும். இவற்றையெல்லாம் கவிழ்த்துவைத்த சட்டி போல ஒரு வளைவு மூடியிருக்கும். தீக்குழியின் முனையில் விறகு போடும் வாய். ஒவ்வொரு மூசைக்கும் நேராகச் சுவரில் ஒரு கண். ஊதுகுழலை அதன் வழியாக நுழைத்துத்தான் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுப்பார்கள். தனிப் புகைபோக்கி கிடையாது. சுவாலை அந்தக் கண்கள் வழியாகவே வெளியே வரும். உலை நன்றாக எரிகிறதா என்று உலைக்காரர் பார்ப்பதும் அங்கேதான்: சுவாலை சோம்பலாக வருகிறதா, சீறி வருகிறதா, கரும்புகை கலந்து வருகிறதா.

பெரிய உலை ஒன்று மட்டும் போதாது. மணலையும் சாம்பலையும் கலந்து, உருகவிடாமல் மணிக்கணக்காக வறுத்துக் கிளற ஓர் உலை வேண்டும். இந்த வறுவலைச் செய்யாமல் நேரே மூசையில் கொட்டினால் கலவை பொங்கி நுரைக்கும், உருக நாளாகும். ஊதி முடித்த பாத்திரத்தை 500, 600 டிகிரியில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட இன்னோர் உலை. சட்டென்று வெளியே எடுத்துவைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கி, உள்ளே இழுவிசை தங்கி, கை படாமலே ஒரு நாள் வெடித்துவிடும். மூசைகளைச் சுட ஒரு சிறு சூளை. ஜேம்ஸ்டவுன் மண்ணுக்குள்ளிருந்து பின்னாளில் வெளிப்பட்டதும் இந்த நான்கும்தான்.

இவற்றில் அதிகப் பொறுமை கேட்பது கட்டுவது அல்ல, உலர்த்துவது. சிமெண்ட் இல்லாத காலம். கல்லைப் பிடித்து நிறுத்துவது களிமண். சூளை வைத்துப் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: ஈரம் போகாத மண்ணுக்குப் பெரிய தீ காட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் முதலில் நாட்கணக்கில் சுள்ளி எரித்து வெறும் சூடு காட்டுவார்கள். சுவரில் கை வைத்துப் பார்ப்பார்கள். ஈரம் கசிகிறவரை தீயை ஏற்றுவதில்லை. மூசைக்கும் இதே கதைதான்; வனைந்த மூசையை நிழலில் நீண்ட நாள் காயவைத்து, தனிச் சூளையில் செக்கச்செவேல் என்று பழுக்கவைத்து, அந்தச் சூட்டோடே பெரிய உலைக்குள் நகர்த்த வேண்டும். வழியில் குளிர்ந்த காற்று பட்டால் போயிற்று.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. காடு நிறைய மரம் இருப்பது வேறு, உலைக்கு விறகு இருப்பது வேறு. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகும். அது புகைந்து கரியடையுமே தவிர, மணலை இளக்கும் வெள்ளைச் சூட்டுக்குப் போகாது. ஓர் ஆண்டாவது காய்ந்து, மெல்லிசாகப் பிளந்து, எரிகிற உலையின் மேலேயே கடைசி ஈரமும் போக அடுக்கிவைத்த விறகு வேண்டும். அதை இரவும் பகலும் சில நிமிடத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராகப் போட ஆள் முறை மாற்றி நிற்க வேண்டும். ஒரே தடவையில் ஓர் அணைப்பு விறகைத் தள்ளினால் சூடு இறங்கிவிடும். அதை மீண்டும் ஏற்ற அரை நாள் போய்விடும்.

1622: இரண்டு வாரம்

சாண்டிஸின் கடிதம் நிகழ்வுகளை வரிசையாகவே தருகிறது. கூடத்துக்குக் கூரை போட்டு முடிக்கும் முன்பே புயல் வந்து அதைத் தள்ளிவிட்டது. அதைச் சரிசெய்து முடித்ததும் பழங்குடிகளின் தாக்குதல். 1622 மார்ச் 22 அன்று பொவ்ஹாட்டன் கூட்டமைப்பினர் குடியேற்றங்கள் மீது ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். 347 பேர் இறந்ததாகக் கம்பெனி கணக்கெழுதியது. வேலை சில காலம் நின்றது. பிறகு உலையைக் கட்டினார்கள். தீ வைத்து இரண்டு வாரத்தில் உலை துண்டு துண்டாகச் சிதறியது.

நாசவேலைக் குற்றச்சாட்டு இங்கேதான் நுழைகிறது. இத்தாலியர் ஒருவரின் மனைவி, வின்சென்சியோ என்ற தொழிலாளி கடப்பாரையால் உலையை விரிசலாக்கினான் என்று ஆத்திரத்தில் சொன்னாராம். அந்தப் பெண் கணவனிடம் பலமுறை அடிபட்டு, உடம்பெல்லாம் காயம்பட்டவர். அங்கே விட்டால் கொலையாகிவிடும் என்று பயந்து அவரை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சாண்டிஸே எழுதுகிறார். நரகம் கக்கிய கூட்டம் என்ற வரி அந்த இடத்தில்தான் வருகிறது. அந்தக் கொடுமையைப் பொறுத்தவரை அவர் கோபம் நியாயமே. ஆனால் மனைவியை அடிக்கும் கூட்டம் என்பதால் உலையையும் இவர்கள்தான் உடைத்திருப்பார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

கடப்பாரை இல்லாமலே அந்த உலை சிதற எல்லாக் காரணமும் இருந்தது. அகழாய்வில் கிடைத்த உலைகள் செங்கல்லால் கட்டியவை அல்ல. ஆற்று உருண்டைக் கற்களைக் களிமண்ணில் பதித்துக் கட்டியவை. ஆற்றுக்கல் பார்க்க உறுதியானது. ஆனால் அதன் நுண்வெடிப்புகளில் நீர் தங்கியிருக்கும். கல்லில் குவார்ட்ஸ் இருந்தால் இன்னும் ஓர் ஆபத்து: 573 டிகிரியைத் தாண்டும்போது குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி, கல் சட்டென்று விரியும், ஆறும்போது சட்டென்று சுருங்கும். பக்கத்துக் களிமண்ணோ சூடேற ஏறச் சுருங்கிக்கொண்டே போகும். ஒன்று விரிகிறது, மற்றொன்று சுருங்குகிறது. இடையில் வளைவின் பாரம் முழுக்க நிற்கிறது. தீயை ஒரு தடவை விட்டுப் பிடித்தாலே போதும்.

இதோடு அவசரத்தையும் சேர்த்துப் பாருங்கள். புயலில் ஒரு பருவமும் தாக்குதலில் இன்னொரு பருவமும் போனபின், லண்டனில் முதலீட்டாளர்கள் காத்திருக்க, கட்டிய உலையை யார் பொறுமையாக உலர்த்துவார்கள்? பதினான்காம் நாளில் சிதறியது என்பது, உலையை மெல்லச் சூடேற்றி, மூசை வைக்கும் அளவுக்குத் தீயைக் கூட்டும் கட்டத்தோடு சரியாகப் பொருந்துகிறது. கடப்பாரைக்கு ஓர் ஆத்திரப் பேச்சுதான் சாட்சி. கல்லுக்கும் களிமண்ணுக்கும் சாட்சி தரைக்குள்ளேயே கிடந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. உலைக்காரர் கையில் கடப்பாரை இருப்பதே வழக்கம்தான். இறுகிப்போன சாம்பல் கட்டியை உடைக்க, மூசையை நெம்பி நகர்த்த, வழிந்து ஒட்டிய கண்ணாடியைப் பெயர்க்க அது வேண்டும். வின்சென்சியோ உலைக்குள் கடப்பாரையை விட்டதை யாரோ பார்த்திருந்தாலும் அது வேலையாகவே இருந்திருக்கலாம். இது என் கணிப்பு.

சாண்டிஸ் அவர்களைத் தண்டிக்கவில்லை. தண்டித்தால் பிடிவாதத்தில் முழுத் திட்டத்தையும் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்திலேயே தெரிகிறது, உலையின் சூட்சுமம் அவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது.

1623: ஆறு வாரம்

1622 கோடையில் நார்ட்டன் இறந்தார். அவருடைய வேலையாட்களில் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். அவரும் எதற்கும் உதவாதவர் என்று கடிதம் சொல்கிறது. பொறுப்பு சாண்டிஸ் தலைமேல் வந்தது. அவர் கவிஞர், ஊர் ஊராகப் பயணம் செய்தவர், நல்ல மொழிபெயர்ப்பாளர். உலை அறிந்தவர் அல்ல.

அடுத்த சிக்கல் மணல். இன்றைய ரிச்மண்ட் நகரம் இருக்கும் அருவிப் பக்கம் படகு அனுப்பினார்கள். அங்கிருந்த மணல் எதுவும் தொழிலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு கடல் முகத்தில் இருக்கும் கேப் ஹென்றிக்குப் போனார்கள். அங்கே கிடைத்தது அவர்களுக்குத் திருப்தி. அதை வைத்துத்தான் ஆறு வாரம் நெருப்பு எரிந்தது. மணல் இளகவேயில்லை. அவர்களே பார்த்துப் பிடித்துப்போய் எடுத்த மணல்தானே என்பதுதான் சாண்டிஸ் வைக்கும் வாதம்.

இந்த வாதம் கேட்கச் சரியாக இருக்கும், உலைக்குள் நிற்காது. மணல் வெள்ளையாக இருக்கிறதா, சேறு இல்லையா என்பதைக் கண் சொல்லும். அது இளகுமா என்பதை மூசைதான் சொல்லும். சுத்தமான மணல் தானாக உருக 1,700 டிகிரி வேண்டும். எந்த விறகு உலையும் அதைத் தொடாது. சாம்பலில் இருக்கும் பொட்டாஷோ சோடாவோ சேர்ந்தால்தான் 1,200, 1,300 டிகிரிக்கு இறங்கும். மணல் பரலாக இருந்தால் பரப்பு குறைந்து சாம்பல் ஊடுருவ நாளாகும். மணல் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சாம்பல் வேண்டும். அப்படிப் பார்த்தால், 'மணல் ஓடவில்லை' என்ற சொல்லுக்குப் பாதி அர்த்தம் 'சாம்பல் போதவில்லை' என்பதுதான்.

சாம்பல் கணக்கு ஆளை மலைக்கவைக்கும். உலர்ந்த மரம் ஒரு டன் எரித்தால் மிஞ்சும் சாம்பல் சில கிலோ, நன்றாகப் பார்த்தால் 10 கிலோ. அதில் பொட்டாஷ் ஒரு சிறு பங்குதான். உலையைச் சூடாக்க எரிக்கும் விறகு போக, சாம்பலுக்காகவே தனியாக மரம் எரிக்க வேண்டும், நனைத்து வடித்துக் காய்ச்ச வேண்டும். ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்த இடத்தில், காட்டுக்குள் தனியாகப் போகவே பயந்த அந்த மாதங்களில், இதற்கெல்லாம் கைகள் எங்கே இருந்தன? வெனிஸ் மரபில் வந்த தொழில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும்: அந்த மரபின் கண்ணாடி, கிழக்கு மத்தியதரைக் கடற்கரைச் செடிகளின் சோடாச் சாம்பலையும் டிச்சினோ ஆற்றின் வெள்ளைக் கூழாங்கல் பொடியையும் நம்பியது. அந்தக் கலவை விகிதம் வர்ஜீனியாக் காட்டு மரச் சாம்பலுக்குப் பொருந்தாது. புதிய மணல், புதிய சாம்பல், புதிய விறகு, ஒரு முறை வெடித்து ஒட்டுப்போட்ட உலை. இவ்வளவும் ஒரே நேரத்தில் மாறினால் எது குறை என்று கண்டுபிடிக்கத் தேர்ந்த கைக்கும் பல சோதனைகள் வேண்டியிருக்கும். ஆறு வாரத்தில் சில சோதனைகளே முடியும்.

நம் காலத்தில் நடந்த ஒரு முயற்சியை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் குவார்லி என்ற ஊரில், மார்க் டெய்லரும் டேவிட் ஹில்லும் 2005, 2006 ஆண்டுகளில் ரோமானியர் காலத்து உலைகளைக் களிமண்ணால் கட்டி, விறகு மட்டுமே எரித்து, வாரக்கணக்கில் கண்ணாடி ஊதினார்கள். மண்ணும் விறகும் போதும், 1,000 டிகிரிக்கு மேல் நாட்கணக்கில் நிறுத்தலாம், நேர்த்தியாக ஊதலாம் என்பதை அவர்கள் கண்முன் காட்டினார்கள். ஆனால் அவர்கள் மூசையில் போட்டது ஏற்கெனவே கண்ணாடியாக இருந்த கண்ணாடி. அதை மறுபடி இளக்குவது ஒரு வேலை, மணலைக் கண்ணாடியாக மாற்றுவது அதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. ஜேம்ஸ்டவுன் தொழிலாளிகளிடம் கேட்டது இரண்டாவதை.

மண்ணுக்குள் கிடைத்தவை

அந்த நிலத்தின் உரிமையாளர் 1931-இல் உலையின் இடிபாடுகளைக் கண்டார். 1948-இல் ஜே. சி. ஹாரிங்டன் முறையாகத் தோண்டினார். கல் அடித்தளங்கள், மூசைச் சில்லுகள், பச்சைக் கண்ணாடியின் சொட்டுகள், இழுபட்டு உறைந்த நூல்கள், கட்டிகள் எல்லாம் வந்தன. ஒரு சொட்டைக் கையில் வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: குழலின் நுனியிலிருந்து நழுவி, தரையில் விழுந்து, விழுந்த வாக்கிலேயே உறைந்த துளி. மணலில் இருக்கும் இரும்பினால் வந்த பச்சை. ஏதோ ஒரு நாள் மணல் இளகியிருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் முழுப் பாத்திரம் ஒன்றுகூட வரவில்லை, ஒற்றை மணிகூட இல்லை.

1957-இல், குடியேற்றத்தின் 350-ஆம் ஆண்டையொட்டி, பக்கத்திலேயே மாதிரிக் கண்ணாடிக்கூடம் ஒன்று எழும்பியது. 1974-இல் அது தீயில் எரிந்துபோக, 1976-இல் மறுபடி கட்டினார்கள். இன்றும் அங்கே அதே பச்சை நிறக் கண்ணாடி ஊதப்படுகிறது. உலை எரிவது எரிவாயுவில். பழைய கற்கள் ஒரு கூரைக்கு அடியில் அப்படியே கிடக்கின்றன.

1624 பிப்ரவரியில், வர்ஜீனியாவில் உயிரோடு இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்தார்கள். கம்பெனி கலைக்கப்பட மூன்று மாதமே பாக்கி. அந்தப் பட்டியலில் 'கண்ணாடிக்கூடம்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதன் கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்கள். பெர்னார்டோ இருக்கிறார், பெர்னார்டோவின் மனைவி இருக்கிறார். முதலில் எழுதியிருக்கும் பெயர் வின்சென்சியோ.